வெள்ளவத்தைய விட்டு வத்தளை, ஜா-எல பக்கம் வீடு மாறுறவங்க செய்யிற பிழையள்

கொழும்புக்குள்ள வெள்ளவத்தையிலயும் கொட்டாஞ்சேனையிலயும் வாடகை கட்ட ஏலாம, பக்கத்து கம்பஹா மாவட்டத்தில இருக்கிற வத்தளை, ஹெந்தளை, ஜா-எல எண்டு போற சனம் கூடிக்கொண்டே வருது. 2012 கணக்கெடுப்பில சனத்தொகையில முதல் நிண்டது கொழும்பு மாவட்டம், 2024இல கம்பஹா அத முந்திட்டுது. போறதில பிழையே இல்ல, ஆனா வாடகைய மட்டும் பாத்திட்டு சாமான் ஏத்திடாதீங்க.

பிள்ளையள் இருக்கிற குடும்பம் எண்டா முதல்ல பள்ளிக்கூடத்தப் பாருங்க. தமிழ் மீடியம் கொழும்புக்குள்ள இருக்கிற அளவுக்கு வெளியில இல்ல, ஹோமாகம, மாலபே பக்கம் இன்னும் கஷ்டம். அதால பிள்ளை திரும்பவும் பம்பலப்பிட்டிக்கோ கொட்டாஞ்சேனைக்கோதான் வரவேணும், விடிய இருட்டோட எழும்பி வேனில தூங்கி விழுந்துகொண்டு போற பிள்ளையளப் பாக்கவே பாவமா இருக்கும், வேன் காசு வேற. முதலாம் வகுப்புக்குப் போட இருக்கிறவங்க இன்னும் கவனம். அரசாங்கப் பள்ளிக்கூடத்தில கிட்ட குடியிருக்கிறவங்களுக்குப் புள்ளி போடேக்க வாக்காளர் இடாப்பில கடைசி 5 வருஷம் பாக்கிறாங்க, இடையில வீடு மாறினா புது இடத்தில அந்தக் கணக்கு திரும்பத் தொடங்கும். பிள்ளைக்கு மூண்டு, நாலு வயசில மாறுறதெண்டா ரெண்டு தரம் யோசியுங்க.

அடுத்தது போக்குவரத்து. ஞாயிற்றுக்கிழமை வீடு பாக்கப் போய் "அரை மணித்தியாலந்தானே" எண்டு நம்பிடுறாங்க. திங்கக்கிழமை காலம ஏழரைக்கு பேலியகொடையத் தாண்டிப் பாருங்க, அப்பதான் தெரியும். வத்தளை டவுனுக்குள்ள ட்ரெயின் ஸ்டேஷன் இல்ல, கந்தானை, ஜா-எலயில புத்தளம் லைன் இருக்கு, கொழும்பு கோட்டையில வேலை எண்டா கொஞ்சம் தள்ளிப்போனாலும் ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில வீடு எடுக்கிறது எவ்வளவோ மேல்.

வெள்ளத்த ஒருத்தரும் வாய் திறந்து சொல்லமாட்டாங்க, வீட்டுக்காரரும் சொல்லார், புரோக்கரும் சொல்லார். 2016 மே மாசம் களனி கங்கை பெருகி கொலன்னாவ, வெல்லம்பிட்டி, கடுவெல எல்லாம் தண்ணிக்குள்ள நிண்டது, அந்தப் பக்கங்கள்ல வாடகை மலிவா இருந்தா பக்கத்துக் கடையில தண்ணி எவ்வளவு உயரத்துக்கு வந்ததெண்டு கேளுங்க, மழை நாளில ஒருக்கா போய் ஒழுங்கைய நேரில பாருங்க.

காணி வாங்கிறதெண்டா அவசரமே வேண்டாம். வயல நிரப்பின காணியா எண்டு விசாரிக்க வேணும், உறுதிய நொத்தாரிசு மூலம் காணிப் பதிவகத்தில தேடிப் பாக்க வேணும், அதுக்கும் முதல் அதே ஊரில ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பாருங்க.