புயலிலும் நோயிலும் ஆண்டவரின் காவலை நம்பி வாழ்வது எப்படி?

காவிரிப் படுகையில் வாழும் நமக்கு மனித பலவீனத்தை யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கப்படுமா என்பதைப் பொறுத்துக் குறுவை நெல்லும், ஐப்பசி கார்த்திகை மழை அளவோடு நிற்குமா என்பதைப் பொறுத்துச் சம்பாவும் அமைகின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளை ஒரே நாளில் சாய்த்துவிட்டது. இந்த மண்ணில் நின்றுகொண்டு, "ஆண்டவர் காப்பார்" என்று சொல்வதை வெறும் வாய்ச்சொல்லாக விடாமல், அன்றாடப் பழக்கமாக்கிக்கொள்வது எப்படி என்பதையே இங்கே எழுதுகிறேன்.

அவர் எதை வாக்களித்திருக்கிறார் என்பதில் முதலில் தெளிவு வேண்டும். நம் வீடுகளில் பலருக்கு மனப்பாடமாகத் தெரிந்த 91-ஆம் சங்கீதத்தை முழுவதுமாக, நிதானமாக வாசியுங்கள். "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்று 15-ஆம் வசனத்தில் ஆண்டவர் சொல்கிறார்; ஆபத்தே அணுகாத வாழ்வாக இருந்தால் இந்தச் சொல்லுக்கு அங்கே இடமே இராது. அதே சங்கீதத்தின் வசனங்களைக் காட்டித்தான், தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கும்படி சோதனைக்காரன் இயேசுவைத் தூண்டினான்; தேவனைப் பரீட்சை பார்க்கலாகாது என்று அவர் மறுத்துவிட்டார். ஆகவே காவலை நம்புவது வேறு, காவலைச் சோதித்துப் பார்ப்பது வேறு.

இதைச் சொல்லும்போது சுனாமி வந்த 2004 டிசம்பர் 26-ஐத் தாண்டிச் செல்ல முடியாது. கிறிஸ்துமஸுக்கு மறுநாளான அந்த ஞாயிறு காலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோயிற்று. அவர்களில் வேளாங்கண்ணிக்குத் திருப்பயணம் வந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு விசுவாசம் குறைவு என்றோ, பாவம் மிகுதி என்றோ எவராவது சொன்னால், லூக்கா 13-ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, "அப்படியல்ல" என்று பதிலையும் இயேசுவே சொல்லிவிடுகிறார். அந்தக் காலை ஏன் வந்தது என்பதற்கு என்னிடம் விடையில்லை. விடை இருப்பதுபோலப் பேசும் பிரசங்கம் துக்க வீட்டாரை இரண்டாம் முறை காயப்படுத்துகிறது என்றே உறுதியாக எண்ணுகிறேன். மரணமும் நம்மை அவருடைய அன்பைவிட்டுப் பிரிக்காது என்று ரோமர் 8-ஆம் அதிகாரம் சொல்வதுதான் இவ்விடத்தில் நாம் பற்றிக்கொள்ளக்கூடிய பிடி.

அடுத்து, பயத்தை மறைக்காமல் பெயர் சொல்லி ஜெபியுங்கள். "எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், ஆண்டவரே" என்று பொதுவாக முடித்துவிடாமல், நகைக்கடன் தவணை, தண்ணீர் வடியாத வயல், அம்மாவுக்கு நாளை வரப்போகும் ஸ்கேன் முடிவு என்று ஒவ்வொன்றையும் சொல்லுங்கள். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்னும் 56-ஆம் சங்கீத வரி, தூக்கம் வராத இரவில் திரும்பத் திரும்பச் சொல்லப் போதுமானது. பயம் நீங்கிய பிறகு நம்புவேன் என்று அதைப் பாடியவர் சொல்லவில்லை. கெத்செமனேயில் நம் ஆண்டவரே வியாகுலப்பட்டு ஜெபித்திருக்க, நடுங்குகிறவர் தம்மை விசுவாசமற்றவர் என்று எண்ண வேண்டியதில்லை.

ஜெபித்து எழுந்தவுடன் கைகளுக்கு உரிய வேலையைச் செய்யுங்கள். பகைவர் நடுவே எருசலேமின் மதிலைக் கட்டிய நெகேமியாவின் மக்கள் ஜெபமும் பண்ணினார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே பட்டா, ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை நனையாத உறையில் போட்டு வையுங்கள். சம்பாவுக்குப் பயிர்க் காப்பீட்டைக் காலக்கெடுவுக்குள் கட்டுங்கள். புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போகச் சொன்னால் வீட்டு முதியவர்களின் மாத்திரைகளோடு உடனே புறப்படுங்கள். ஜெபித்துவிட்டோம் என்பதற்காகச் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை யாரும் நிறுத்தக் கூடாது. நிறுத்தச் சொல்பவர் எவராயிருந்தாலும் கேட்காதீர்கள்.

உடல் பலவீனத்தால் மனம் சோர்ந்திருப்பவர்கள், முடிந்தால் தரங்கம்பாடிக்கு ஒருமுறை போய் வாருங்கள். 1706-இல் அங்கு வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, அப்போது அவ்வூரை ஆண்ட டென்மார்க்கு அதிகாரிகளாலேயே சிறைவைக்கப்பட்டவர். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றி, 1718-இல் புதிய எருசலேம் ஆலயத்தையும் எழுப்பிவிட்டு, மறு ஆண்டே 36 வயதில் இறந்தார். நீண்ட ஆயுளோ நல்ல உடலோ அவருக்குக் கிடைக்கவில்லை. "இந்தப் பொக்கிஷத்தை மண்பாண்டங்களில் பெற்றிருக்கிறோம்" என்று பவுல் எழுதியதை அந்த ஆலயத்தில் அமர்ந்து வாசிக்கலாம். சீகன்பால்கு தொடங்கிய வழிபாடு இன்றும் அங்கே நடக்கிறது.

ஆபத்திலிருந்து தப்பிய பின் சபையில் சாட்சி சொல்ல நிற்கும்போது, "நாங்கள் ஜெபித்ததால் எங்கள் கூரை நின்றது" என்று சொல்லாதீர்கள். கூரையை இழந்தவரும் ஜெபித்தவராகவே அடுத்த வரிசையில் அமர்ந்திருப்பார். நன்றியை மட்டும் சொல்லி அமருங்கள். வீடுதோறும் ஒரு பிடியாக எடுத்துவைத்துச் சபைக்குக் கொடுக்கும் அந்த வாரத்துப் பிடியரிசியை அவர் வீட்டுக்குக் கொடுக்க ஆயரிடம் கேளுங்கள், கூரை வேய ஆள் திரட்டுங்கள், அவர் பேச விரும்பாவிட்டால், யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாளும் செய்ததுபோல, பேசாமல் பக்கத்தில் இருங்கள்.