பாரத்தை நிறுக்காமல் எஞ்சினைத் தூக்காதீர்கள்

திருகோணமலையில் சின்னப் பைபர் படகைப் போட்டிக்குத் தயார்படுத்துகிறவர்கள் நிறையப் பேர் முதலில் கை வைப்பது எஞ்சினில்தான். 15 குதிரைவலு போதவில்லை, 25 போடுவோமா, புரொப்பெல்லரை மாற்றுவோமா என்று கேட்பார்கள். படகில் பாரம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் அணியம், அதாவது படகின் முன்முனை, தூக்கித் தூக்கிக் குத்துவதும், ஒரு பக்கம் சாய்ந்தே ஓடுவதும் பெரும்பாலும் அதனால்தான்.

ஆகப் பெரிய தவறு, நிறுக்காமல் ஊகிப்பது. இரண்டு தராசு போதும். ஒன்றை, எஞ்சின் பூட்டும் பின்பலகைக்கு நேர் கீழே வையுங்கள், மற்றதை அதிலிருந்து அளந்த தூரத்தில் முன்பக்கம் வையுங்கள். எஞ்சின் பூட்டி, பெற்றோல் ஊற்றி, ஓட்டுபவரையும் அவருடைய இடத்தில் இருத்திவிட்டு நிறுக்க வேண்டும். உதாரணத்துக்கு 4.2 மீற்றர் படகு ஒன்று: வெறும் படகு 80 கிலோ, எஞ்சின் 36, ஓட்டுபவர் 65, பெற்றோல் 9, மொத்தம் 190. முன்தராசு பின்பலகையிலிருந்து 4 மீற்றரில் இருந்து 60 கிலோ காட்டினால், 60ஐ 4ஆல் பெருக்கி 190ஆல் வகுங்கள். பாரத்தின் மையம் பின்பலகையிலிருந்து 1.26 மீற்றர், அதாவது படகு நீளத்தில் 30 சதவீதம். நீர்மேல் எழுந்து ஓடும் படகுக்கு 30 முதல் 40 சதவீதம் வரை நல்ல தொடக்கம். அதைவிடப் பின்னுக்குப் போனால் அணியம் குத்தத் தொடங்கும், அதிகம் முன்னுக்குப் போனால் அணியம் தண்ணீரை வெட்டி, திருப்பத்தில் படகைச் சட்டென்று சுழற்றிவிடும்.

இப்போது பழைய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினைக் கழற்றி அதே வலுவுள்ள நான்கு ஸ்ட்ரோக்கைப் பூட்டுகிறீர்கள் என்று வையுங்கள். சுமார் 15 கிலோ கூடும், அதுவும் ஆகக் கடைசிப் பின்பக்கத்தில். மையம் கிட்டத்தட்ட 9 சென்ரிமீற்றர் பின்னுக்குப் போய்விடும். அதைச் சரிக்கட்ட ஓட்டுபவர் ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் முன்னுக்கு இருக்க வேண்டும். எஞ்சினைத் திருப்பும் கைபிடி எட்டாது என்று எல்லோரும் பின்பலகையோடு ஒட்டியே இருக்கிறார்கள். கைபிடிக்கு ஒரு உறுதியான நீட்டுக்குழாய் போட்டால் அந்தத் தூரம் கிடைத்துவிடும். புது எஞ்சின் வாங்கும் காசோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. குழாய் ஆடாமல் இருக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

பெற்றோல் ராங்கை எங்கேயோ இடமிருக்கிற மூலையில் தள்ளிவிடுவதும் வழக்கம். ஓட ஓட பெற்றோல் குறையும், லீற்றருக்கு முக்கால் கிலோ. ராங்க் அணியத்தில் இருந்தால் ஓட்டத்தின் தொடக்கத்தில் ஒரு படகு, முடிவில் வேறொரு படகு ஓட்டுவீர்கள். மையத்துக்குப் பக்கத்தில் கட்டி வையுங்கள். அடித்தளத்தில் தேங்கும் தண்ணீரையும் மறக்க வேண்டாம்: 20 லீற்றர் என்றால் 20 கிலோவுக்குச் சற்று மேல், வேகமெடுத்ததும் அவ்வளவும் பின்னுக்கு ஓடிவரும்.

சரி, எஞ்சின் உயரம். புரொப்பெல்லருக்கு மேலே கிடையாக ஒரு தட்டு இருக்கும், அது படகின் அடிமட்டத்தோடு சமமாகவோ ஒரு அங்குலம் வரை மேலேயோ இருப்பதில் தொடங்குங்கள். அப்புறம் கால் அங்குலம், கால் அங்குலமாக உயர்த்துங்கள். தாழ்வாக இருந்தால் எஞ்சினின் கீழ்க்கால் தண்ணீரில் இழுபட்டு வேகத்தைத் தின்னும். உயர்ந்தால் வேகம் கூடும், ஆனால் திருப்பத்தில் புரொப்பெல்லர் காற்றை இழுத்துக்கொண்டு வெறுமனே இரையும். இதைவிட ஆபத்து, குளிர்த்தும் தண்ணீர் உள்ளே போகும் துவாரங்கள் தண்ணீருக்கு மேலே வந்துவிடுவது. எஞ்சினிலிருந்து பீச்சும் தண்ணீர் மெலிந்தால் அந்த ஓட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள், கரை வரட்டும் பார்ப்போம் என்று இழுத்துக்கொண்டு வராதீர்கள். எஞ்சின் காலின் நீளமும் பின்பலகைக்குப் பொருந்த வேண்டும்: குட்டைக்கால் 15 அங்குலம், நீட்டுக்கால் 20.

எஞ்சினின் சாய்வை மாற்றும் ஊசியைக் கடைசித் துளைக்குத் தள்ளி அணியத்தைத் தூக்கிவிட்டால் வேகம் வரும் என்ற நம்பிக்கை இங்கே பலமாக இருக்கிறது. கொஞ்சம் வரும். மையம் ஏற்கெனவே பின்னால் இருந்தால் குத்துதான் கூடும். பாரத்தைச் சரி செய்த பிறகுதான் சாய்வுக்கு வர வேண்டும். இன்னொன்று, பாரம் சரியாக இருந்தும் குத்துகிறது என்றால் படகைக் கவிழ்த்து, அடியின் கடைசி ஒன்றரை மீற்றரில் நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள். இரண்டு கட்டைகளில் மாதக்கணக்காக வெயிலில் ஏற்றி வைத்த படகின் அடி வளைந்திருக்கலாம், அதற்கு எஞ்சினை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை.

பக்கச் சமநிலையும் உண்டு. பின்னாலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றும் புரொப்பெல்லர் படகை இடப்பக்கம் சாய்க்கும், அதனால் ஓட்டுபவர் வலப்பக்கம் இருப்பது நல்லது.

ஒரே நாளில் உயரம், சாய்வு, ராங்க் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு "நல்லா ஓடுது" என்பதில் எந்தப் பாடமும் இல்லை. ஒன்றை மாற்றுங்கள், ஓடுங்கள், எழுதி வையுங்கள். ஜிபிஎஸ் வேகத்தைப் போகும்போதும் வரும்போதும் எடுத்துச் சராசரி பாருங்கள். உப்புவெளிப் பக்கம் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும், அதில் போகிற வேகத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள், எஞ்சின் நின்றால் வெளியேயும் தள்ளிவிடும். காலையில், காற்று எழ முன், அனுமதியுள்ள இடத்தில், கரையில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு ஓடுங்கள். எஞ்சினை நிறுத்தும் கயிறு ஓட்டுபவரின் உடம்போடு கட்டியிருக்க வேண்டும். நீட்டுக்குழாய் போட்டு முன்னுக்கு இருக்கும்போது அந்தக் கயிறு எட்டுமா என்று முதலில் பாருங்கள், எட்டாவிட்டால் நீளமான கயிறு வாங்கிய பிறகு கடலில் இறங்குங்கள்.