மூலம்தான் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்

என் அக்காவுக்கு ஆசனவாயில் புற்றுநோய் வந்தது. இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆனது. கோவில்பட்டியில் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் அக்காவுக்கு என்ன கேன்சர் என்று கேட்டால் குடலில் என்பேன். சில பேரிடம் வயிற்றில் என்றும் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த பெண், "எனக்கும் வெளிக்குப் போகும்போது ரத்தம் வருதுக்கா, மூலம்தான், ஆயின்ட்மென்ட் போட்டுக்கிட்டிருக்கேன்" என்றார். என் அக்காவும் ஆறு மாதத்துக்கு முன்னால் இதே வார்த்தைகளைத்தான் சொன்னாள். அப்போதே அந்தப் பெண்ணை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு உண்மையிலேயே மூலம்தான் என்று டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார். அந்த வாரம் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி அதுதான்.

நான் டாக்டர் இல்லை. 28 நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கிற அறைக்கு வெளியே காத்திருந்தவள். வீட்டில் யாருக்காவது இந்தச் சந்தேகம் வந்தால், அல்லது நோய் உறுதியாகிவிட்டால், என்ன செய்யலாம் என்று எங்கள் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வையுங்கள்

அக்காவுக்கு அப்போது 54 வயது. ஆரம்பத்தில் அரிப்பு. பிறகு சொட்டுச் சொட்டாக ரத்தம். அப்புறம் கழுவும்போது கையில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. சூடு என்றார்கள். கருணைக்கிழங்கு மசியல் சாப்பிட்டாள், துத்தி இலையை வதக்கிக் கட்டினாள். 'மூலம், பவுத்திரம் ஆபரேஷன் இல்லாமல் குணமாகும்' என்று போர்டு வைத்திருந்த ஓர் இடத்தில், கட்டியைப் பார்க்காமலேயே மூன்று மாதத்துக்குச் சூரணம் கட்டிக் கொடுத்தார்கள். மொத்தம் எட்டு மாதம் போய்விட்டது.

ரத்தம் வருகிற எல்லோருக்கும் புற்றுநோய் இல்லை. இது அரிதான நோய். பெரும்பாலானவர்களுக்கு மூலமோ வெடிப்போதான் இருக்கும். ஆனால் ரத்தம், அரிப்பு, வலி, கட்டி, சளி போன்ற கசிவு எல்லாம் இரண்டிலும் வரும். வெளியிலிருந்து கேட்டு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. சிலருக்குத் தொடையிடுக்கில் நெறி கட்டினதுபோல வீங்கும். சிலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. ஆகவே ரத்தம் வந்தால் ஒரு தடவையாவது டாக்டர் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். அவர் பார்க்காமல் மருந்து எழுதினால், "உள்ளே விரல் விட்டுப் பார்த்துச் சொல்லுங்க டாக்டர்" என்று நீங்களே கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

பரிசோதனை எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து முழங்காலை வயிற்றோடு மடக்கச் சொல்வார்கள். கையுறை போட்டு, ஜெல்லி தடவி, ஒரு விரலால் பார்ப்பார்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. அப்புறம் சின்னக் குழாய் ஒன்றை விட்டு உள்ளே பார்ப்பார்கள். பெண்களாக இருந்தால் பெண் டாக்டர் வேண்டும் என்றோ, கூட ஒரு நர்ஸ் இருக்க வேண்டும் என்றோ கேட்கலாம். அக்காவோடு நான் உள்ளே போய் அவள் தலைமாட்டில் நின்றுகொண்டேன். சந்தேகம் இருந்தால் கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவார்கள். சதை எடுத்தால் நோய் பரவிவிடும் என்று ஊரில் சொல்வதைக் கேட்டு நின்றுவிடாதீர்கள். அந்த ரிப்போர்ட் இல்லாமல் வைத்தியம் தொடங்கவே முடியாது.

ரிப்போர்ட் வந்ததும் கேட்க வேண்டியது

என்ன வகை என்று கேளுங்கள். ஆசனவாயில் வருவது பெரும்பாலும் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. அதற்குக் கொஞ்சம் மேலே, மலக்குடலில் வருவது பெரும்பாலும் அடினோகார்சினோமா. ஒரு சாண் தூரம்கூட இல்லை, ஆனால் வைத்தியம் வேறு. எங்களுக்கு முதலில் ஒருவர், "உடனே ஆபரேஷன், மலம் போக வயிற்றில் நிரந்தரமாகப் பை வைக்கணும்" என்றார். அக்கா அன்று இரவு சாப்பிடவில்லை. இரண்டாவதாகப் பார்த்த புற்றுநோய் டாக்டர்தான் கரண்டும் கீமோவும் சேர்த்துக் கொடுத்தாலே பெரும்பாலானவர்களுக்குக் கட்டி கரைந்துவிடும், கத்தி வைக்க வேண்டியதில்லை என்றார்.

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து டாக்டர் நார்மன் நைக்ரோ 1974-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. ஆபரேஷனுக்கு முன்னால் கட்டியைச் சுருக்குவதற்காகத்தான் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார். வெட்டி எடுத்த சதையைப் பார்த்தால் கட்டியே இல்லை. பிறகு படிப்படியாக இதுவே முதல் வைத்தியம் ஆனது. வெளி விளிம்பில் மிகச் சின்னதாக இருந்தால் அதை மட்டும் வெட்டி எடுப்பதும் உண்டு. ஆகவே முதல் நாளே பை என்று யாராவது சொன்னால், கையெழுத்துப் போடுவதற்கு முன் கரண்ட் வைக்கிற டாக்டரையும் ஒரு தடவை பாருங்கள்.

எம்.ஆர்.ஐ., ஸ்கேன் இவற்றோடு எச்.ஐ.வி. பரிசோதனையும் எடுப்பார்கள். எல்லோருக்கும் எடுப்பதுதான். இதை முன்பே சொல்லிவிடுங்கள். அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை. தன்னைத் தப்பாக நினைக்கிறார்கள் என்று அழுதாள்.

"இது எப்படி வந்தது?"

இந்தக் கேள்வியில்தான் குடும்பங்கள் உடைகின்றன. இந்த நோயில் பத்தில் ஒன்பது, எச்.பி.வி. என்ற வைரஸால் வருகிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் அதுவே காரணம். கூகிளில் அதைப் படித்துவிட்டு அக்கா மகன் முகம் இறுகிப்போனான். அத்தான் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அக்காவோ அத்தானைச் சந்தேகப்பட்டாள்.

டாக்டரம்மா மூன்று பேரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொன்னதை அப்படியே தருகிறேன். தாம்பத்தியம் உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்த வைரஸ் வந்து போகும். உடம்பே விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் தங்கிவிடும், இருபது முப்பது வருஷம்கூடச் சத்தமில்லாமல் இருக்கும். யாரிடமிருந்து, எந்த வருஷம் வந்தது என்று எந்த டெஸ்டாலும் சொல்ல முடியாது. தோலோடு தோல் படுவதிலேயே பரவும், பின்வழி உறவு வைத்திருந்தால்தான் வரும் என்பதில்லை. இந்த நோயோடு ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தலாம், பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்க நடிகை மார்சியா கிராஸுக்கு 2017-இல் இதே நோய் வந்தது. அவர் கணவருக்கு 2009-இல் தொண்டையில் புற்றுநோய். இரண்டுக்கும் ஒரே வைரஸ்தான் காரணமாக இருக்கலாம் என்று டாக்டர்கள் சொன்னதை, 2019-இல் அவர் டிவியில் வெட்கப்படாமல் பேசினார். அத்தானிடம் இதைச் சொன்னேன். "நம்ம ஆளுங்க யாரும் இப்படிப் பேச மாட்டேங்கிறாங்களே" என்றார். மறுநாளிலிருந்து ஆஸ்பத்திரிப் பையை அவரே தூக்கிக்கொண்டு வந்தார்.

நோயாளியிடம் நீங்கள் பேசும்போது 'அந்த இடம்', 'அங்கே' என்று இழுக்காதீர்கள். ஆசனவாய் என்று சொல்லுங்கள். நாம் தயங்கினால் அவர்கள் இன்னும் சுருங்கிப்போகிறார்கள். வலி எங்கே, கசிவு எவ்வளவு என்று டாக்டரிடம் சொல்லவும் வாய் வராது. அதே நேரம் யாரிடம் சொல்வது, யாரிடம் வேண்டாம் என்று முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான். நான் கடையில் பேச ஆரம்பித்ததுகூட அக்காவைக் கேட்ட பிறகுதான்.

கரண்ட் வைக்கிற ஆறு வாரம்

அக்காவுக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும், மொத்தம் 28 தடவை. கூடவே கீமோ: முதல் நாள் மைட்டோமைசின் ஊசி. கரண்ட் இருக்கிற நாட்களில் கேபசிடபின் மாத்திரை. சிலருக்கு மாத்திரைக்குப் பதில் நான்கு நாள் தொடர்ந்து ஏறுகிற மருந்து. தினமும் ஊருக்குப் போய்வர முடியாது என்று மதுரையில் ஆஸ்பத்திரி பக்கத்தில் அறை எடுத்தோம். அறை பார்க்கும்போது வாடகையைவிடக் கழிப்பறையைப் பாருங்கள். குத்துக்கால் வைத்து உட்காருகிற கழிப்பறை மூன்றாவது வாரத்துக்கு மேல் முடியவே முடியாது. கம்மோடு இல்லையென்றால் பிளாஸ்டிக் கம்மோடு நாற்காலி வாங்கிவிடுங்கள்.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியாது. அதன் பிறகு தோல் சிவந்து, கறுத்து, உரியும். தொடையிடுக்கு, ஆசனவாய், பெண்ணுறுப்பு எல்லாம் வெந்த புண் மாதிரி ஆகும். என் தொழில் அங்கே உதவியது. பழைய காட்டன் சேலைகளைக் கிழித்து, தொளதொளவென்று பாவாடை தைத்தேன். தையல் மடிப்பு உடம்பில் படாமல் வெளிப்பக்கம் வரும்படி வைத்தேன். இடுப்பில் நாடா இறுக்காமல் தளர்வாகக் கட்டினேன். உள்ளாடையே போடவில்லை. தையல் தெரியாதவர்கள் நன்றாகத் துவைத்துப் பழசான வேட்டியைச் சுற்றிவிட்டாலே போதும். புதுத்துணி வேண்டாம், கஞ்சி உறுத்தும்.

வெளிக்குப் போன பின் கையால் தேய்க்கக் கூடாது. தண்ணீர் பாட்டில் மூடியில் நான்கைந்து ஓட்டை போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினோம். சிறுநீர் எரிந்தால், போகும்போதே அந்தத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் எரிச்சல் பாதியாகும். மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். டாக்டர் கொடுத்த களிம்பைத் தவிர மஞ்சள், தேங்காய் எண்ணெய், பவுடர் எதுவும் கூடாது. கொடுத்த களிம்பையும் கரண்டுக்குச் சற்று முன்னால் போடாதீர்கள். கரண்ட் வைப்பதற்காகத் தோலில் போட்ட அடையாளக் கோடுகளை அழிய விடாதீர்கள்.

வலிக்கு மாத்திரை கேளுங்கள், தயங்காமல் கேளுங்கள். அக்கா, "பொறுத்துக்கிறேன்" என்றே நான்காவது வாரம் வரை ஓட்டினாள். வலிக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்தாள், சாப்பிட்டால் வெளிக்கு வருமே என்று. நர்ஸ் கண்டுபிடித்துத் திட்டி, வலி மருந்தை மாற்றி எழுத வைத்த பிறகுதான் சாப்பிட்டாள். வயிற்றுப்போக்கு இருக்கும் நாட்களில் குழைந்த சோறு, மோர், இட்லி, வாழைப்பழம். கீரை, பச்சைக் காய், காரம் எல்லாம் பிறகு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கையில் இருக்கட்டும். வயிற்றுப்போக்கு நிற்காமல் போனாலும், வாயெல்லாம் புண்ணாகிச் சாப்பிட முடியாவிட்டாலும், அடுத்த வேளை மாத்திரைக்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் இரவோ பகலோ உடனே போக வேண்டும். ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம் வாங்கி வையுங்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாக. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை கிடைக்கும். ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று முதல் வேலையாகப் பாருங்கள், எங்களுக்கு ஓர் எழுத்தில் நான்கு நாள் போனது. ரயிலில் புற்றுநோயாளிக்குச் சலுகை உண்டு. ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசியில் நோயாளிக்குக் கட்டணமே இல்லை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் குறையும். ஆஸ்பத்திரியில் அதற்கான சான்றிதழ் வாங்கி ஸ்டேஷன் கவுன்டரில் கொடுக்க வேண்டும்.

முடிந்த பிறகு

கரண்ட் முடிந்த நாளோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தோம். அடுத்த இரண்டு வாரம்தான் ரொம்ப மோசம். அந்தச் சமயத்தில் வந்து பார்க்கிற சொந்தக்காரர்களைக் குறையுங்கள். அவளால் உட்கார முடியாது. படுத்துக்கொண்டு யாரையும் வரவேற்க அவளுக்குக் கூச்சம்.

மூன்றாவது மாதம் பார்த்தபோது சின்னதாக ஒரு தடிப்பு மிச்சம் இருந்தது. எங்களுக்கு உயிரே போய்விட்டது. டாக்டர் அவசரப்படவில்லை. இந்தக் கட்டி மெதுவாகக் கரையும், வளராமல் இருக்கும்வரை ஆறு மாதம் வரை பொறுத்துப் பார்க்கலாம் என்றார். ஆறாவது மாதம் அது இல்லை. அடுத்த அறையில் இருந்த ஓர் அம்மாவுக்குக் கரையவில்லை, ஆபரேஷன் செய்து பை வைத்தார்கள். அவர் இப்போது பையோடு பூ வியாபாரம் செய்கிறார். பையை மாற்றக் கற்றுக்கொடுக்கிற நர்ஸ் யார் என்று ஆபரேஷனுக்கு முன்பே கேட்டு வைத்துக்கொண்டது ரொம்ப உதவியது என்றார்.

பெண்களிடம் யாரும் பேசாத ஒன்று உண்டு. கரண்டுக்குப் பின் பெண்ணுறுப்பு உள்ளே சுருங்கி ஒட்டிக்கொள்ளலாம். தாம்பத்தியத்துக்கு மட்டும் இல்லை, பிற்பாடு டாக்டர் பரிசோதிக்கவே கஷ்டமாகும். அதற்கு டைலேட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. எப்போது, எப்படி என்று நர்ஸிடம் தனியாகக் கேளுங்கள். வயதுப் பெண்ணாக இருந்தால், மாதவிடாய் நின்றுவிடும், கர்ப்பம் தரிக்க முடியாது என்பதைத் தொடங்குவதற்கு முன்பே டாக்டரிடம் பேசிவிட வேண்டும். ஆண்களுக்கும் தாம்பத்தியப் பிரச்சினைகள் வரலாம், அதையும் கேட்க வேண்டும். ஐந்து வருஷத்துக்குச் செக்கப்பை விடக் கூடாது.

இதை மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்

எங்கள் மகளிர் குழுக் கூட்டத்தில் தவணைக் கணக்கு முடிந்ததும் பத்து நிமிடம் பேசினேன். மேடை, பேனர் எதுவும் இல்லை. யாருக்கு அதிக ஆபத்து என்று சொன்னேன்: எச்.ஐ.வி. உள்ளவர்கள், ஆண்களோடு உறவு வைத்துக்கொள்ளும் ஆண்கள், கர்ப்பப்பை வாயிலோ பெண்ணுறுப்பிலோ முன்பு புற்றுநோய் அல்லது அதன் ஆரம்பம் வந்த பெண்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், பீடி சிகரெட் பிடிப்பவர்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் செய்த ஆய்வு ஒன்று 2022-இல் வெளியானது. புற்றுநோய்க்கு முந்தைய நிலையிலேயே கண்டு சரிசெய்தால், நோய் வருவது பாதிக்கு மேல் குறைகிறது. எச்.ஐ.வி. மருந்து கொடுக்கிற ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகிறவர்கள் அங்கே இதைக் கேட்டுப் பார்க்கலாம். கூட்டம் கலைந்த பின் மூன்று பேர் தனித்தனியாக வந்து, எனக்கும் ரத்தம் வருகிறது என்றார்கள். அதனால் பேசி முடித்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள், கொஞ்ச நேரம் அங்கேயே இருங்கள்.

போன மாதம் அக்கா தன் பேத்தியை எச்.பி.வி. தடுப்பூசிக்குக் கூட்டிப்போனாள். நானும் போயிருந்தேன். எதற்கு வந்தீர்கள் என்று நர்ஸ் கேட்டதும், "எனக்கு ஆசனவாயில் கேன்சர் வந்துச்சு, இவளுக்கு வரக் கூடாது" என்றாள், வரிசையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. 9 முதல் 14 வயதுக்குள் போட்டால் இரண்டு ஊசி, 15-க்கு மேல் மூன்று. பையன்களுக்கும் போடலாம். அடுத்த ஊசி ஆறு மாதம் கழித்து, பேத்தியின் அட்டையில் தேதியை எழுதிக் கொடுத்தார்கள்.