அறளை பெயராமலிருக்க அடுப்படியில் செய்யக்கூடியவை

மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைப் பழுதாக்கி அறளையை, அதாவது மறதிநோயை, வரவைப்பதில் பிரசருக்கும் சலரோகத்துக்கும் பெரிய பங்குண்டு. சாப்பாடு உதவுவது முக்கியமாக இந்த இரண்டையும் கட்டுப்படுத்தும் வழியில்தான். சிகாகோவில் உருவான ‘மைண்ட்’ உணவுமுறையைக் கடைப்பிடித்தவர்களிடம் அறளையின் முக்கிய வகையான அல்சைமர் குறைவாக இருந்ததாக 2015இல் ஆய்வு வந்தது. 2023இல் வெளியான மூன்றாண்டுச் சோதனையிலோ, அதை உண்டவர்களுக்கும் வழமையான சாப்பாட்டைச் சற்றுக் குறைத்தவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆகவே இது மருந்தல்ல. நடுவயதிலேயே பழகவேண்டிய சாப்பாடு.

அந்த முறை கேட்பது கிழமைக்கு ஆறு தடவை இலைக்கறி. சமைத்தபின் அரைக் கோப்பை ஒரு தடவைக்குப் போதும். வேலியில் முருங்கை நிற்கும் வன்னியில் இது செலவில்லாத காரியம். இலையைக் கழுவியபின் அரியுங்கள். சட்டியில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய், வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள். வதங்கியதும் இலையைப் போட்டு மூன்று நான்கு நிமிடம் கிளறி, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூவுடன் இறக்குங்கள். அவித்துப் பிழிந்து தண்ணீரை ஊற்றினால் போலேற்று என்ற விற்றமினில் பெரும்பகுதி அதோடு போய்விடும். எண்ணெயே விடாவிட்டால் கீரையிலுள்ள கரோட்டீன் சத்து உடலில் சரியாகச் சேராது. வல்லாரை ஞாபகசக்தியைக் கூட்டும் என்பதற்கு வலுவான சான்றில்லை. நல்ல கீரை என்றே சம்பல் போடுங்கள்.

மீனில் முல்லைத்தீவுக் கரையில் வரும் சூடை, சாளை போதும். கிழமைக்கு ஒருமுறையாவது குழம்பாக வையுங்கள்; பொரித்தால், அதுவும் பழைய எண்ணெயில், பலன் குறையும். குளத்துத் திலாப்பியாவில் புரதம் உண்டு, மூளைக்கு நல்லதென்று சொல்லப்படும் ஒமேகா கொழுப்பு குறைவு. கருவாடு தினமும் வேண்டாம்: நாளுக்கான உப்பு எல்லாம் சேர்த்து 5 கிராம், மட்டமான ஒரு தேக்கரண்டி.

தீட்டிய வெள்ளைப் பச்சையரிசிக்குப் பதில் தவிடு போகாத சிவப்பரிசி. கிழமையில் மூன்று நாள் பயறோ கௌபியோ. மாலையில் உப்பில்லாத கச்சான் ஒரு கைப்பிடி. சோற்றைக் கண்டு பயப்படும் பலர் தேத்தண்ணியை மறந்துவிடுகிறார்கள்: ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றால் ஏறக்குறைய 40 கிராம் சீனி.

சிறுநீரக வருத்தக்காரர் வவுனியாப் பக்கம் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கீரையின் பொட்டாசியம் ஆகாமல் போகலாம். கிளினிக்கில் கேட்டபின்பே கூட்டவேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் எடுப்பவர் கீரையின் அளவைத் திடீரென மாற்றக்கூடாது. மச்சம் தின்னாதவர்களும் சலரோகத்துக்கு மெற்போமின் நெடுநாள் குடிப்பவர்களும் மறதி கண்டால் விற்றமின் பி12 அளவைப் பரிசோதிக்கக் கேளுங்கள். அந்தக் குறைபாடு அறளை போலவே தோன்றும், ஆனால் மருந்துக்குக் கேட்கும்.