கோடு இறங்கினால் கொண்டாடாதீர்கள்: துத்தநாக பேட்டரிக்கு ஜெல் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு மாணவி லேப்டாப்பைத் திறந்து நீட்டினாள். "அக்கா, செல் 800 மணி நேரம் தாண்டிருச்சு. வோல்டேஜ்கூட வரவரக் குறையுது, பாருங்க." திரையைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. இதே காரைக்குடியில், இதே மாதிரி ஒரு கோட்டைக் காட்டி நானும் ஒரு காலத்தில் துள்ளிக் குதித்திருக்கிறேன்.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். ஊர்க்காரர்களுக்கு அது 'சிக்ரி'. அதனாலேயே பேட்டரி என்றாலே பிள்ளைகள் இந்த ஊர்ப் பக்கம் வருகிறார்கள். நான் வேலை பார்ப்பது ஒரு சின்ன ஆய்வகம். துத்தநாக பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் நடுவே அயனிகளைக் கடத்தும் ஜெல்லை அங்கே செய்து பார்க்கிறோம். அங்கே வருகிறவர்களும் நான் விழுந்த குழியிலேயே விழுகிறார்கள். உப்பைத் தப்பாக நிறுப்பது, தகட்டைத் தேய்க்காமல் போடுவது எல்லாம் இரண்டு வாரத்தில் தானாகத் திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எல்லாவற்றையும் ஒரே பீக்கரில் கொட்டுவது

கடற்பாசியிலிருந்து எடுக்கும் பாலிமரான சோடியம் ஆல்ஜினேட்டின் கரைசலில் துத்தநாக சல்பேட்டை ஊற்றினால் அந்த நொடியே ஜவ்வரிசி மாதிரி உருண்டை கட்டிக்கொள்ளும். துத்தநாக அயனியே பாலிமரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைப் பிடித்துக் கட்டிவிடுவதால் வெளித்தோல் இறுகி, உள்ளே பச்சையாகக் கிடக்கும். ஆல்ஜினேட்டை முதலில் கண்ணாடித் தகட்டில் சீராக ஊற்றிப் பரப்புங்கள். பிறகு தகட்டோடு சல்பேட் கரைசலில் இறக்குங்கள். ஆத்தங்குடியில் தரைக்கல் போடுகிறவர்கள் கண்ணாடி மேல்தான் வார்க்கிறார்கள். கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லுக்கு வந்துவிடுகிறது. ஜெல்லுக்கும் அந்தச் சமதளம் வேண்டும். எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே மின்னோட்டம் குவியும்; அங்கேதான் துத்தநாகம் ஊசியாக வளரும்.

பாலிவினைல் ஆல்கஹால் என்ற செயற்கைப் பாலிமரில் சிக்கல் வேறு. சல்பேட் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, பாலிமர் வெள்ளையாகத் திரிந்து ஒதுங்கும். உறைய வைத்து உருக்கி ஜெல்லாக்கிய பிறகு உப்பில் ஊறப்போடுங்கள். ஊறும்போது ஜெல் சுருங்கும் என்பதால் தடிமனை ஊறிய பிறகே அளக்க வேண்டும்.

இறங்கும் கோட்டை நம்புவது

இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆற்றாமை தீராது.

சோதனைச் செல்லில் இரண்டு பக்கமும் துத்தநாகத் தகடு, நடுவில் ஜெல். ஒரு பக்கம் கரையும், மறுபக்கம் படியும். பிறகு திசை மாறும். ஜெல்லைத் துளைத்துக்கொண்டு ஒரு மெல்லிய துத்தநாக இழை எதிர்ப்பக்கத்தைத் தொட்டுவிட்டால், மின்னோட்டத்தில் பெரும்பகுதி அந்த இழை வழியே எலக்ட்ரானாகப் போய்விடும். கரைவதும் படிவதும் பெயரளவுக்குத்தான் நடக்கும். கருவிக்கு இது தெரியாது. கேட்ட மின்னோட்டம் ஓடுகிறது என்று அது மணிக்கணக்கைக் கூட்டிக்கொண்டே போகும். இழையின் தடை குறைவு. அதனால் வோல்டேஜ் இறங்கும்; பார்ப்பவருக்கோ ஜெல் நன்றாகக் கடத்துகிறது என்று தோன்றும். வோல்டேஜ் சுழியத்துக்கு விழுந்தால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். பாதிக்கு இறங்கி அங்கேயே அமைதியாக நிற்கிறதே, அந்த அரைகுறை ஷார்ட்தான் ஆளை ஏமாற்றுவது.

நான் ஏழு வாரம் ஏமாந்தேன். அந்தக் கோட்டைப் போஸ்டரில் பெரிதாக அச்சடித்துக் கருத்தரங்கில் நின்று பேசினேன். திரும்பி வந்து செல்லைப் பிரித்தபோது, ஜெல்லை உரிக்க உரிக்கச் சாம்பல் நிற இழைகள் கூடவே வந்தன. ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயம் போயிற்று. போன காலத்தை யாரும் திருப்பித் தரவில்லை.

கோட்டின் வடிவத்தைப் பாருங்கள். நலமான செல்லில் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும், புதிய படிவு முளைப்பதற்கான ஒரு சின்ன முனை தெரியும். ஷார்ட் ஆனதில் அளவுகோல் வைத்துப் போட்ட செவ்வகம்தான் இருக்கும். சந்தேகம் வந்தால் இம்பீடன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்குச் செல் காட்டும் தடை, எடுங்கள். முதல் நாள் அந்த வரைபடத்தில் இருந்த அரைவட்டம் திடீரென்று சுருங்கிப்போயிருந்தால் செல்லை நிறுத்திப் பிரித்துவிடுங்கள். ஓடட்டும் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு ஏமாற்று, தடித்த தகடு. துத்தநாகத்தின் கொள்ளளவு கன சென்டிமீட்டருக்கு 5855 மில்லிஆம்பியர்-மணி. 100 மைக்ரான் தகட்டில் சதுர சென்டிமீட்டருக்கு 58 இருக்கும். அதில் 1 மட்டும் எடுத்து வைத்தால் உலோகத்தில் 2 சதவீதம்கூட வேலை செய்யவில்லை. வீணாவதைப் பின்னால் கிடக்கும் துத்தநாகம் சத்தமில்லாமல் ஈடுகட்டும். உபரி உலோகமே இல்லாத செல்லில் திறன் (படிந்த துத்தநாகத்தில் திரும்பக் கரைந்து வரும் பங்கு) 99 சதவீதம் என்றால் 100 சுற்றில் மிஞ்சுவது 37 சதவீதம், 99.9 என்றால் 90. ஒரு பக்கம் செம்புத் தகடு போட்டு இந்தத் திறனை முதலில் அளந்துவிடுங்கள். பிறகு 10 மைக்ரான் தகட்டோடு மாங்கனீசு டை ஆக்சைடு நேர்முனை வைத்து முழுச் செல் ஓட்டுங்கள். ஜெல்லின் உண்மையான ஆயுள் அங்கேதான் தெரியும்.

அந்த மாணவியின் செல்லை அன்று மாலையே பிரித்தோம். இழைகள் இருந்தன.

கடத்துதிறனை மட்டும் துரத்துவது

தண்ணீரைக் கூட்டினால் கடத்துதிறன் கூடும். கூடவே ஹைட்ரஜன் வாயுவும் அரிப்பும் கூடும். மின்னோட்டத்தில் துத்தநாக அயனியின் பங்கு எவ்வளவு என்பதையும் அளக்க வேண்டும். எதிர்மின் குழுக்கள் உள்ள சங்கிலிகள் இந்தப் பங்கை உயர்த்த உதவும். தடிமனையும் கணக்கில் எடுங்கள்: சென்டிமீட்டருக்கு 10 மில்லிசீமென்ஸ் கடத்தும் ஜெல், 100 மைக்ரானில் சதுர சென்டிமீட்டருக்கு 1 ஓம் தடைதான் தரும்; 1 மில்லிமீட்டரில் 10 ஓம்.

மிஞ்சிய பெர்சல்பேட்

சில ஜெல்களில் பாலிமர் உருவாகும் வினையைத் தொடங்கிவைக்கச் சேர்க்கும் உப்பு இது. மிஞ்சினால் துத்தநாகத்தைத் தின்னும். கழுவுங்கள்.

வெயில்

சித்திரையில் ஜெல்லைத் திறந்து வைத்தால் கண்முன்னே காயும். செல்லில் வைக்கும் முன் ஒவ்வொரு முறையும் எடை போடுங்கள்.

ஓய்வே கொடுக்காத சோதனை

வீட்டு சோலார் பேட்டரி பகலில் நிரம்பிச் சும்மா இருக்கும், இரவில்தான் வேலை செய்யும். சோதனையிலோ ஒரு நிமிடம்கூட நிறுத்தாமல் ஓட்டுகிறார்கள். செல்லை நிரப்பி 24 மணி நேரம் விட்டுவிட்டு, பிறகு எடுத்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போதும் அரிப்பு நடக்கிறது. ஜெல்லுக்கும் தகட்டுக்கும் நடுவில் வாயுக்குமிழ் சேர்கிறது. அந்த ஒரு நாளில் எவ்வளவு குறைந்தது என்ற எண்ணைத்தான் நான் இப்போது பிள்ளைகளிடம் முதலில் கேட்கிறேன்.