சுங்கை சிப்புட்டிலிருந்து தேசிய ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டி பார்க்கப் போவது எப்படி? முதல் தடவை போகிறவர்களுக்கு

எங்கள் ஊரில் ஐஸ் என்றால் ஐஸ் கச்சாங் கடையில் சீவிப் போடுவதுதான். ஊரைச் சுற்றி ரப்பரும் செம்பனையும். இங்கே இருந்துகொண்டு, இசைக்கு ஏற்ப ஐஸில் சறுக்கித் தாவி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கு ரசிகையாக இருப்பது வேடிக்கைதான். ஆனால் ஒவ்வொரு குளிர்கால ஒலிம்பிக் முடிந்ததும் யாராவது ஒருவர் வந்து, "அக்கா, இதை நேரில் பார்க்க ஜப்பானுக்குத்தான் போகணுமா?" என்று கேட்கிறார்கள். வேண்டியதில்லை. மலேசியாவிலேயே தேசியப் போட்டி நடக்கிறது. ரயில் ஏறினால் போதும்.

உலகப் போட்டி மாதிரி காற்றில் நான்கு சுற்றுச் சுற்றும் தாவல்களை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நம் நாட்டில் ஆட்டக்காரர்கள் குறைவு. அதிலும் சின்னப் பிள்ளைகள்தான் அதிகம். என்னைக் கேட்டால், புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு அதுதான் நல்லது. ஏன் என்று நான்காவது படியில் சொல்கிறேன்.

படி 1: எங்கே நடக்கிறது என்று பாருங்கள்

மலேசிய ஐஸ் ஸ்கேட்டிங் சங்கத்தின் சமூக ஊடகப் பக்கத்தைப் பின்தொடருங்கள். தேதி, இடம், ஆட்ட வரிசை எல்லாம் அங்கேதான் முதலில் வரும். நம் நாட்டு ஐஸ் தளங்கள் பேரங்காடிக்குள் இருப்பவை. பண்டார் சன்வேயில் சன்வே பிரமிட், புத்ராஜெயா பக்கம் ஐஓஐ சிட்டி மால், ஜொகூர் பாருவில் பாரடைம் மால் ஆகியவை பலருக்கும் தெரிந்த பெயர்கள். 2017 சீ விளையாட்டுப் போட்டியின் (தென்கிழக்காசிய நாடுகளின் போட்டி) ஸ்கேட்டிங், டாமன்சாராவில் எம்பயர் சிட்டி அரங்கில் நடந்தது. அதில் தங்கம் வென்ற ஜூலியன் யீ, சின்ன வயதில் சறுக்கப் பழகியது சன்வே பிரமிட் தளத்தில்.

உள்ளே உட்காரக் கட்டணம் உண்டா என்பதை அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். மேல்மாடிக் கம்பியோரம் நின்று பார்க்கிற மாதிரி தளம் அமைந்திருந்தால் அதற்கு யாரும் காசு கேட்கப் போவதில்லை.

படி 2: ரயில்

சுங்கை சிப்புட்டிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு ஈடிஎஸ் ரயில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். டிக்கெட்டை கேடிஎம் செயலியில் எடுங்கள். பள்ளி விடுமுறை, தீபாவளி சமயம் என்றால் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும், கடைசி நேரத்தில் இடமே இருக்காது. நேரம் ஒத்துவராவிட்டால் ஈப்போ நிலையத்துக்குப் போய் ஏறுங்கள், அங்கே வண்டிகள் அதிகம்.

சன்வே என்றால் கேஎல் சென்ட்ரலில் கிள்ளான் தடத்து கொமுட்டர் ஏறி செத்தியா ஜெயாவில் இறங்குங்கள். அங்கேயே பிஆர்டி பஸ் நிலையம். சன்வே லகூன் நிறுத்தத்தில் இறங்கி நடந்தால் பேரங்காடி வந்துவிடும். இந்தப் பகுதிக்குப் பயணக் கட்டணம் செலுத்தும் டச் என் கோ அட்டை போதும். ஐஓஐ சிட்டி மால் என்றால் புத்ராஜெயா சென்ட்ரல் வரை ரயில், அப்புறம் கிராப் வாடகைக் கார்.

முதல் ஆட்டம் காலை எட்டு மணிக்கே தொடங்கினால் அன்று காலை ரயிலில் போய் எட்டிப் பிடிக்க முடியாது. அப்போது முதல் நாளே கிளம்பிவிடுங்கள். நம் ஆட்களில் கிள்ளானில் ஒரு சித்தியோ மாமாவோ இல்லாத குடும்பம் எது? செத்தியா ஜெயாவும் அதே கிள்ளான் தடத்தில்தான் இருக்கிறது. பேரங்காடிக் கடைகள் பத்து மணிக்குத்தான் திறக்கும் என்பதால், காலை ஆட்டத்துக்கு எந்த வாசல் திறந்திருக்கும் என்பதையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

படி 3: பையில் என்ன வைப்பது

சுவெட்டர், காலுறை, மூடின காலணி. சிலிப்பர் போட்டுக்கொண்டு போனால் அரை மணி நேரத்தில் கால் விரல் விறைத்துவிடும். உட்காரும் பலகை சில்லென்று இருக்கும், அதனால் பழைய கைலி ஒன்றை மடித்து எடுத்துப் போங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை. இரண்டு மணி நேரம் கழித்துப் பக்கத்தில் இருப்பவர் அதைப் பொறாமையோடு பார்ப்பார்.

சாப்பாட்டைத் தளத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். ரயிலிலேயே நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துப் பசியாறிவிட்டால் மதியம் வரை கவலையில்லை.

படி 4: முதல் நாள் இரவு ஒரே ஒரு பாடம்

ஆறு வகைத் தாவல்கள் இருக்கின்றன: டோ லூப், சால்கோ, லூப், ஃபிளிப், லட்ஸ், ஆக்ஸல். ஆறையும் ஒரே ராத்திரியில் மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள், குழம்பிப் போவீர்கள். இரண்டே கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: தாவுகிறவர் முன்னோக்கிப் பார்த்துக்கொண்டு எழும்பினாரா? ஆம் என்றால் அது ஆக்ஸல். மற்ற ஐந்திலும் பின்னோக்கிச் சறுக்கியபடிதான் எழும்புவார்கள். முன்னால் பார்த்து எழும்பிப் பின்னால் பார்த்து இறங்க வேண்டியிருப்பதால் ஆக்ஸலுக்கு அரைச் சுற்று கூடுதல். டபுள் ஆக்ஸல் என்பது உண்மையில் இரண்டரைச் சுற்று. நார்வேக்காரர் ஆக்ஸல் பால்சன் 1882-இல் செய்து காட்டியதால் அந்தப் பெயர்.

இரண்டாவது கேள்வி: எழும்பும்போது மறுகாலின் முனை ஐஸில் குத்தியதா? ஸ்கேட்டின் முன்முனையில் ரம்பம் மாதிரி பல் இருக்கும். டோ லூப், ஃபிளிப், லட்ஸ் மூன்றும் அந்தப் பல்லைக் குத்தி எழும்புபவை. சால்கோ, லூப், ஆக்ஸல் மூன்றும் பிளேடின் விளிம்பை மட்டும் நம்பி எழும்புபவை. டிவியில் இசைச் சத்தத்தில் இது கேட்காது. நேரில் கேட்கும். 'டக்' என்று ஒரு குத்து, ஒரு கணம் ஒன்றுமில்லை, அப்புறம் 'ஸ்ர்ர்' என்று இறங்குகிற சத்தம். கண்ணை மூடிக்கொண்டே பாதித் தாவல்களைச் சொல்லிவிடலாம்.

இங்கேதான் சின்னப் பிள்ளைகள் உதவுவார்கள். நோவிஸ் என்ற சின்னவர்கள் பிரிவில் ஒரு சுற்று, இரண்டு சுற்றுத் தாவல்கள்தான் அதிகம், வேகமும் குறைவு. எந்தக் கால், எந்தப் பக்கம் என்று நிதானமாகப் பார்க்கலாம். அதைப் பார்த்துப் பழகிய பிறகு சீனியர் ஆட்டம் வந்தால் கண் தானாகப் பிடித்துக்கொள்ளும். நேராகக் கடைசி ஆட்டத்துக்கு மட்டும் போகிறவர்கள் "நல்லா சுத்துறாங்க" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

படி 5: எங்கே உட்காருவது

தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசைக்கு ஓடாதீர்கள். அங்கே கண்ணாடியும் சுவரும் காலை மறைக்கும், இந்த விளையாட்டிலோ பார்க்க வேண்டியதே கால்தான். நான்கைந்து வரிசை மேலே போங்கள். நடுவர்கள் உட்கார்ந்திருக்கும் நீளப் பக்கத்தைப் பார்த்துத்தான் எல்லாரும் ஆடுவார்கள். அதனால் அந்தப் பக்கத்தில் இடம் கிடைத்தால் நல்லது, எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் முக்கியமான இடங்களில் முதுகுதான் தெரியும். மூலைகளும் மோசமில்லை. லட்ஸுக்கு நீளமாகப் பின்னோக்கிச் சறுக்கி மூலைக்கு வந்துதான் பெரும்பாலும் எழும்புவார்கள்.

மேல்மாடிக் கம்பியோரத்தில் ஒரு தனி லாபம் உண்டு. ஆட்டக்காரர் தளத்தை முழுசாகப் பயன்படுத்துகிறாரா, நடுவிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறாரா என்பது அங்கிருந்து பளிச்சென்று தெரியும். ஆனால் சத்தம் கேட்காது.

படி 6: ஆட்டம் நடக்கும்போது

ஒரு குழுவுக்கு அதிகபட்சம் ஆறு பேர். சீனியரில் ஆறு நிமிடம் எல்லாரும் ஒன்றாக இறங்கிப் பழகுவார்கள். இந்த நேரத்தில் காப்பி வாங்கப் போய்விடாதீர்கள்! யார் எந்தத் தாவலில் தடுமாறுகிறார் என்பது இப்போதே தெரிந்துவிடும். பிறகு அதே தாவல் ஆட்டத்தில் வரும்போது உங்களுக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். குழுவின் முதல் ஆள் மூச்சு வாங்க நேரமில்லாமல் உடனே ஆட வேண்டும். கடைசி ஆளோ பிளேடுக்கு உறை போட்டுக்கொண்டு ஓரமாக நடந்து உடம்பைச் சூடாக வைத்திருப்பார். அவரையும் ஒரு கண் பாருங்கள்.

ஒருவர் குறும் ஆட்டம், நெடும் ஆட்டம் என்று இரண்டு முறை ஆடுவார். சீனியர் குறும் ஆட்டம் 2 நிமிடம் 40 விநாடி, நெடும் ஆட்டம் 4 நிமிடம். இரண்டிலும் பத்து விநாடி கூடக் குறைய இருக்கலாம். பெயர் சொல்லும்போது கத்துங்கள், கைதட்டுங்கள். ஆட்டக்காரர் நிலையெடுத்து நின்றதும் வாயை மூடிவிட வேண்டும். எழுந்து நடமாடுவது, ஃபிளாஷ் போட்டுப் படம் எடுப்பது இரண்டும் கூடாது. விழுந்தால் 'ஐயையோ' என்று கூட்டமே கத்துவது நம் வழக்கம். அதைவிட எழுந்ததும் கைதட்டுங்கள், அதுதான் அவர்களுக்கு உதவும். பிள்ளைகளைப் படம் எடுத்து வலைத்தளத்தில் போடுவதாக இருந்தால் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

குழுக்களுக்கு நடுவே ஐஸைச் சீராக்கும் வண்டி வரும். எல்லாரும் அதை ஜம்போனி என்றுதான் சொல்வார்கள், அமெரிக்காவில் ஃபிராங்க் ஜம்போனி 1949-இல் கண்டுபிடித்தது. மேல்பரப்பைச் சீவி எடுத்துவிட்டுச் சுடுநீரை மெல்லிய படலமாகப் பரப்பிக்கொண்டே போகும். சுடுநீர், பழைய ஐஸின் மேல்பகுதியைக் கொஞ்சம் உருக்கி அதோடு சேர்ந்து உறைவதால் தளம் வழவழவென்று ஆகிவிடும். கழிவறைக்கும் காப்பிக்கும் இதுதான் நேரம்.

படி 7: மார்க் எப்படி விழுகிறது

புதிதாக வருகிறவர்கள் மண்டை காய்கிற இடம் இதுதான். "மூணு சுத்து சுத்தினவருக்கு ஏன் கம்மி?" என்று பக்கத்தில் யாராவது நிச்சயம் கேட்பார்கள். கணக்கு இப்படி.

ஒவ்வொரு தாவலுக்கும் அடிப்படை மதிப்பு ஒன்று உண்டு. டிரிபிள் லட்ஸ் 5.90, டபுள் ஆக்ஸல் 3.30. அதன்மேல் நடுவர்கள் −5 முதல் +5 வரை தரம் போடுவார்கள். ஒவ்வொரு படியும் அடிப்படை மதிப்பில் பத்தில் ஒரு பங்கு. டிரிபிள் லட்ஸில் விழுந்தவருக்கு நடுவர்கள் எல்லாரும் −5 போட்டால் 2.95 போய்விடும். விழுந்ததற்குத் தனியாக இன்னொரு 1 கழியும். மிச்சம் 1.95. டபுள் ஆக்ஸலை அழகாகச் செய்து +2 வாங்கியவருக்கோ 3.96. புரிகிறதா? துணிந்து விழுந்தவரைவிட அளவறிந்து நின்றவர் இருமடங்கு வாங்கிவிட்டார். இது நியாயமா என்று கேட்டால் எனக்கு நியாயம்தான். ஆனால் என் அண்ணன் மகன் இன்னும் சண்டை போடுகிறான்.

இதோடு ஆட்ட அமைப்பு, வெளிப்பாடு, சறுக்கும் திறன் ஆகிய மூன்றுக்கும் பத்துக்கு இவ்வளவு என்று தனி மார்க் உண்டு. சறுக்கும் திறனைக் கண்டுபிடிக்க எளிய வழி, உந்தும் எண்ணிக்கையைப் பார்ப்பது. நல்ல ஆட்டக்காரர் இரண்டு மூன்று உந்தலில் தளத்தின் மறுமுனைக்குப் போய்விடுவார், பிளேடும் அதிகம் கரகரக்காது.

ஓரிடம் என்பது எவ்வளவு பெரியது என்பதற்கு ஜூலியன் யீயையே பாருங்கள். 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியாவின் பெயரில் ஐஸில் இறங்கிய முதல் ஃபிகர் ஸ்கேட்டர் அவர். குறும் ஆட்டத்தில் 25-ஆவது இடம். நெடும் ஆட்டத்துக்குப் போக முடிந்தது முதல் 24 பேர்தான். இப்போது ஸ்ரீ அபிராமி என்ற நம் தமிழ்ப் பெண்ணும் மலேசியாவுக்காக வெளிநாட்டுப் போட்டிகளில் ஆடியிருக்கிறார். ஆட்ட வரிசையில் தெரிந்த மாதிரி ஒரு பெயர் வந்தால் தொண்டை கிழியக் கத்தத் தயாராக இருங்கள்.

படி 8: திரும்பி வருவது

போட்டி நேரம் இழுத்துக்கொண்டே போகலாம். அதனால் திரும்பும் ரயிலுக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். நேரம் மிச்சமானால் கேஎல் சென்ட்ரலிலிருந்து நடந்தே பிரிக்ஃபீல்ட்ஸ் போய் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடலாம். மார்க் விவரத்தாள் இணையத்தில் வெளியானால் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு ரயிலில் படியுங்கள். தாவலின் பெயருக்குப் பக்கத்தில் '<' இருந்தால் சுற்று முழுமையாகவில்லை, 'e' என்று இருந்தால் தவறான விளிம்பில் எழும்பினார் என்று அர்த்தம்.

கடைசி ரயிலை விட்டுவிட்டால் டிபிஎஸ் பேருந்து முனையத்துக்குப் போய் ஈப்போ அமான்ஜெயாவுக்கு பஸ் பிடியுங்கள். அமான்ஜெயா ஈப்போவுக்கு வடக்கே, நம் ஊர்ப் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் நடு ராத்திரியில் அங்கிருந்து சுங்கை சிப்புட்டுக்கு பஸ்ஸை நம்ப முடியாது. கார் வைத்திருக்கிற ஒருவரிடம் முன்பே சொல்லி வைத்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.