புகையைப் பார்த்துப் பலகாரம் சொல்லாதீர்கள்

காரைக்குடியில் உளவியல் படிக்கும் பிள்ளைகள் புராஜெக்ட் நேரத்தில் என்னைத் தேடி வருவதுண்டு. பாதிப் பேர் கையில் ஒரு மூளைப் படம் இருக்கும், ஓரிடம் மட்டும் சிவப்பாக. "சார், இதுதான் பயம் வர்ற இடம்" என்பார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அந்தப் படத்தை எடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. என்ற மூளை ஸ்கேன் எண்ணத்தைப் படம் பிடிப்பதில்லை. நரம்புச் செல்கள் மும்முரமாக இருக்கும் இடத்துக்கு ஆக்சிஜன் ஏந்திய ரத்தம் கூடுதலாகப் பாயும். அந்த மாற்றத்தைத்தான் கருவி பிடிக்கிறது. 1990-இல் ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா காட்டிய வழி இது. ரத்தம் உச்சத்துக்கு வரவே ஐந்தாறு வினாடி ஆகிவிடும். சிவப்போ, இரண்டு நிலைகளை ஒப்பிட்டுக் கணினி பூசியது. நிறமில்லாத இடம் சும்மா இருக்கிறது என்று அர்த்தமில்லை.

நம் ஊர் வீட்டு முகப்பில் நின்றால் பின்கட்டு அடுப்படிப் புகை தெரியும். அடுப்பு எரிகிறது, சரி. கந்தரப்பமா வெள்ளைப் பணியாரமா என்று புகை சொல்லுமா? பயத்தோடு சேர்த்துப் பேசப்படும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி பயத்தில் மட்டுமல்ல, பிடித்ததைப் பார்த்தாலும் புதியதைப் பார்த்தாலும் வேலை செய்யும். 'அமிக்டலா தூண்டப்பட்டது, ஆகவே பயந்தார்' என்று எழுதினால் நான் சிவப்பு மையால் அடிப்பேன்.

அப்புறம் கணக்கு. 2009-இல் செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனரில் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். அதன் மூளையிலும் 'செயல்பாடு' தெரிந்தது! ஆயிரக்கணக்கான புள்ளிகளைத் தனித்தனியே சோதித்தால் சில தற்செயலாகவே தேறிவிடும். அதற்கான திருத்தத்தைப் போட்டதும் மீன் மறுபடி செத்துப்போனது.

எந்த நொடியில் நடந்தது என்பதே கேள்வியானால், தலையில் மின்முனைகள் ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. போதும். மில்லி வினாடிக் கணக்கில் காட்டும். இடத்தைத்தான் துல்லியமாகச் சொல்லாது.

ஸ்கேனரே இல்லாத ஆய்விலும் சறுக்கல் உண்டு. ஒரு மாணவி மருமகள்களின் மன அழுத்தம் பற்றிக் கேள்வித்தாள் எடுத்துப் போனாள். வீட்டின் உள்முற்றமான வளவில் உட்கார்ந்து மருமகள் ஒருவர் பதில் சொல்லும்போது, பக்கத்தில் மாமியார் ஆச்சி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். எல்லாக் கேள்விக்கும் "ஒரு குறையும் இல்லை" என்றே பதில். எண்களைக் கூட்டிப் பார்த்தவள், 'செட்டிநாட்டில் அழுத்தமே இல்லை' என்று எழுதிக்கொண்டு வந்தாள். திருப்பி அனுப்பினேன். மறுவாரம், ஆச்சி பிள்ளையார்பட்டிக்குப் போயிருந்த காலையில், அதே கேள்விகளை அதே பெண்ணிடம் கேட்டிருக்கிறாள். இரண்டு தாளையும் என் மேசையில் வைத்தபோது, இரண்டு வேறு ஆட்கள் சொன்னது போலிருந்தது.